கடைசி பெஞ்சு

பெனாப்ஸ்காட் ஆற்றங்கரை மரக்கடைக்காரர் லெமுவேல், தேவாலயம் கட்ட அத்தனை மரத்தையும் இலவசமாகக் கொடுத்தவர். ஆனாலும் கதவோரக் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார். ஜெபத்தில் எல்லோரும் கண்மூட, அவர் மட்டும் அண்ணாந்து மேலேயே பார்ப்பார்.

"என்ன அடக்கம், என்ன பக்தி!" என்று போதகர் உருகினார்.

மனைவி அல்வைராவுக்கு நம்பிக்கையில்லை. பீன்ஸ் ஆறிவிடுமென்று வீட்டில் ஜெபத்தைப் பாதியில் முடிக்கிற மனுஷராயிற்றே! குதிரை வண்டியில் திரும்பும்போது கேட்டேவிட்டாள்.

"மேல அப்படி என்னதாங்க தெரியுது?"

"நடு உத்திரம். சும்மா குடுக்கறதுதானேன்னு உளுத்த மரத்தக் குடுத்துட்டேன்டி."

"அடப்பாவி மனுஷா! போதகர்கிட்ட சொல்லித் தொலைங்களேன்!"

"சொன்னா ஊர்ல எவன் நம்மகிட்ட மரம் வாங்குவான்?"

அடுத்த ஞாயிறு போதகர் பூரித்துப்போனார். "புருஷனோட பக்தி பொண்டாட்டிக்கும் தொத்திக்கிச்சே!"

கடைசி பெஞ்சில் அல்வைராவும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு காலைக் கதவுக்கு வெளியே வைத்தபடி.