ரேசுக்கு ஏற்ற டயர்

"அண்ணாச்சி, ஸ்டார்ட்டிங்லயே ரோட்டைக் கடிச்சுப் பிடிக்கணும். அப்படி ஒரு டயர் வேணும், கேட்டோ."

சாலைக் கடைத்தெருவில் பிச்சைக்கனியின் டயர் கடைக்கு வந்து இப்படி மலையாளம் கலந்து கேட்ட பையனுக்கு இருபது வயது இருக்கலாம். பெயர் சாய். கோட்டைக்குள் அக்ரஹாரத்துப் பிள்ளை. நெற்றியில் சந்தனம், கையில் போன், போனுக்குள் உலகத்து ஞானம் முழுவதும்.

"ரோட்டை எதுக்கு தம்பி கடிக்கணும்?" என்றார் பிச்சைக்கனி.

"டிராக் ரேஸ், அண்ணாச்சி. நேர் ரோட்டில பைக்கை விடணும். க்ளட்சை விட்ட உடனே பின் வீல் வெறுதே சுத்தினா போச்சு. டயர் சாஃப்டா இருக்கணும். பின்னாடி ஷாக் அப்சார்பர் நல்லா அமுங்கணும். அப்பத்தான் வெயிட் எல்லாம் பின் வீல்ல வந்து உக்காரும்."

"நல்லா படிச்சிருக்கியே. காலேஜ்ல இதுதான் பாடமா?"

"இல்ல, வீடியோ பார்த்தேன்."

"அதானே. காலேஜ்ல இவ்வளவு தெளிவாச் சொல்லித்தர மாட்டாவளே. ரேஸ் எங்க?"

"பைபாஸ்ல. ஞாயித்துக்கிழமை காலம்பற."

"பக்கத்துலயே ஆஸ்பத்திரியும் இருக்கு. வசதிதான்."

சாய் சிரித்தான். வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துவிட்டான்.

போன வருஷம் ஒரு பையன் இதே மாதிரி வந்து கேட்டான். கேட்டதையே கொடுத்தார் பிச்சைக்கனி. முதல் தரமான டயர். ரோட்டைப் பிடித்தால் விடாது. ஒரு மாதம் கழித்துப் பையனின் அப்பா அந்த டயரை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். "நாலு நாள்தான் ஓடிச்சு. வேற யாருக்காவது ஆகும்" என்று இறக்கிவைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ரேஸ் வியாபாரத்தில் பிச்சைக்கனிக்கென்று ஒரு தனி முறை உண்டு.

உள்ளே போய் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். அம்பு அம்பாகக் கோடு போட்டு, பார்த்தாலே பாய்கிற மாதிரி இருந்தது. உண்மையில் வீடு வீடாகப் பால் கொண்டுபோகிறவர்கள் விரும்பி வாங்கும் சரக்கு அது. நகத்தால் அழுத்தினால் நகம்தான் மடங்கும். வருஷக்கணக்கில் தேயாது. ஊருக்குள் ஓட்டுவதற்குத் தங்கமான டயர். ஆனால் நின்ற இடத்திலிருந்து முறுக்கினால், நின்ற இடத்திலேயே சுற்றும்.

"இது சாஃப்ட்தானே, அண்ணாச்சி?"

"வெண்ணெய்."

ஷாக் அப்சார்பரும் கேட்டானே. கேஸ் சிலிண்டர் கட்டிக்கொண்டு போகிற வண்டிகளுக்குப் போடுவதை எடுத்து மாட்டிவிட்டார். யானை ஏறி உட்கார்ந்தாலும் அது அமுங்காது.

"ஜெயிப்பேனா, அண்ணாச்சி?"

"நீ கிளம்பும்போது பாரு, எல்லாரும் உன்னையத்தான் பார்ப்பாவ."

பையன் சந்தோஷமாகப் போனான். பக்கத்து டீக்கடைச் சுடலைக்கண்ணுவுக்கு மனசு கேட்கவில்லை.

"வே, பச்சப்பிள்ளைய இப்படி ஏமாத்துறீரே."

"ஒருதடவ தோத்தா வெட்கம். ரெண்டு தடவ தோத்தா கிரிக்கெட் ஆடப் போயிருவான். ஆளு முழுசா இருப்பாம்லா" என்றார் பிச்சைக்கனி.

திங்கட்கிழமை காலை கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவரைப் பிச்சைக்கனிக்குத் தெரியும். அனந்தபத்மநாபன். குடியிருப்போர் சங்கத் தலைவர். வேகமாக வண்டி ஓட்டும் பையன்களைக் கண்டித்து மாதம் ஒருமுறை மைக் பிடித்துப் பேசுவார். போன மாதம் கிழக்கேகோட்டையில் அவர் பேசிய பேச்சைக் கேட்டு, பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடக் கண் கலங்கினார்கள்.

"நான் சாயோட அப்பா. என் பிள்ளைக்கு டயர் போட்டுக் குடுத்தது நீர்தானே?"

"ஆமா, சாரே."

"இப்படிப் பண்ணலாமா ஓய்? ஒரே பிள்ளை நேக்கு."

குரல் கேட்டு நாலு பேர் கூடிவிட்டார்கள். சுடலைக்கண்ணு டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு வந்து நின்றார்.

பெற்ற மனம். ரேஸ் டயரைக் கொடுத்துப் பிள்ளையைச் சாகக் கிளப்பிவிட்டதாக நினைத்துத் துடிக்கிறார். இவரிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? பிச்சைக்கனி கல்லாவை விட்டு எழுந்து வந்து, உள்ளதை உள்ளபடி சொன்னார். பால்காரர் டயரை. சிலிண்டர் ஷாக்கை. போன வருஷம் திரும்பி வந்த டயரை.

கூட்டத்தில் ஒருவர் "நல்ல மனுஷன்" என்று முணுமுணுத்தார். சுடலைக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார். அனந்தபத்மநாபன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைத்தார். நன்றி சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்வார் என்று எண்ணி, பிச்சைக்கனியும் கையிலிருந்த கரியை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அப்போ நீர் தெரிஞ்சேதான் பண்ணியிருக்கேர்."

"தெரிஞ்சேதான், சாரே. பிள்ளை உடம்புல ஒரு கீறல் இல்லாம வீடு வந்துட்டாம்லா?"

"வந்தான், வந்தான். வந்து என்ன பிரயோஜனம்? வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடியும் ஓட்டப்போறான். அதுக்குள்ள நெஜமான ரேஸ் டயராப் பார்த்துப் போட்டுக் குடும்."

அனந்தபத்மநாபன் கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்காத்தில பாத்திரம் தேய்க்கறாளே எலிசாள், அவ பிள்ளைகிட்டேன்னா தோத்துட்டு வந்து நிக்கறான். இனிமே அவளை நான் எந்த மூஞ்சியோட பாத்திரம் தேய்க்கச் சொல்றது?"