கீறலைத் தாண்டி

"பேர் இல்லாத கம்பெனிதான், வெலையும் கம்மிதான். ஆனா டிஸ்க்ல எவ்ளோ கீறல் இருந்தாலும் விடாம ஓட்டும்" என்று சொல்லித்தான் கடைக்காரர் அந்த டிவிடி பிளேயரைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா, அக்காவின் கல்யாண டிஸ்க்கை முதலில் போடச் சொன்னாள். கல்யாணமாகிப் போன அந்த வருஷத்திலேயே அக்கா செத்துப்போயிருந்தாள். டிஸ்க்கில் ஆணியால் இழுத்ததுபோல் நேராக ஒரு கீறல். அது எப்படி விழுந்ததென்று அப்பா மட்டும் கேட்டதே இல்லை. பழைய பிளேயர் அந்த இடம் வந்ததும் மணமேடையிலிருந்து நேரே பந்திக்குத் தாவிவிடும். இது தாவவில்லை. மேளச் சத்தத்துக்கு நடுவே, மணையில் உட்கார்ந்திருக்கும் அக்கா, அருகில் நிற்கும் அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுக்கிறாள். குனிந்தவரின் காதில் எதையோ சொல்கிறாள். அப்பா எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே, அவள் விரல்களை ஒவ்வொன்றாக வேட்டியிலிருந்து பிரித்தெடுக்கிறார். அதன் பிறகு தாலி.

"என்னங்க சொன்னா புள்ள?" என்று அம்மா கேட்டாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் குனிந்தபடி அப்பா, தன் வேட்டியிலிருந்து எதையோ ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார்.