பொட்டலத்தில் ஒரு பெயர்

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டேன். ஹார்ட் டிஸ்க் இல்லை என்று திரையில் வந்தது. தாய்ச்சுங் நகரில் நானும் வான்யுவும் சேர்ந்து ஆரம்பித்த போட்டோ ஸ்டூடியோவின் படங்கள் முழுக்க அதில்தான் இருந்தன. கேபிளை மாற்றினேன். டிஸ்க் சுற்றும் சத்தம் கேட்டது. ஆனாலும் இல்லை என்றே வந்தது.

அப்போதுதான் கம்ப்யூட்டர் மேல் இருந்த பச்சை நொறுக்குத் தீனிப் பொட்டலத்தைப் பார்த்தேன். இயந்திரம் சொன்ன பேச்சு கேட்பதற்காக எங்கள் ஊரில் எல்லோரும் வைப்பதுதான். அது யார் பேச்சைக் கேட்க வேண்டுமோ, அவர்கள் பெயரை அதில் எழுதுவோம். எங்கள் பழைய பொட்டலத்தில் எங்கள் இரண்டு பேர் பெயர்களும் இருந்தன. இது புதுப் பொட்டலம். வான்யுவின் பெயர் மட்டும் இருந்தது.

“என் பேரு எங்கடி?” என்று வான்யுவிடம் கேட்டேன்.

“பழசு தேதி முடிஞ்சு போச்சுக்கா. அவசரத்துல எழுதிட்டேன். இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறியே!”

“கடை போர்டுலயும் அவசரத்துலதான் உன் பேரை மட்டும் போட்டியா?”

அவள் பவர் பட்டனை அழுத்தினாள். டிஸ்க் உடனே வந்தது. கடை திறப்பு விழாப் படத்தைத் திறந்தாள். ரிப்பனின் ஒரு முனை அவள் கையில் இருந்தது. நான் பிடித்திருந்த மறுமுனை, யார் கையிலும் இல்லாமல், அந்தரத்தில் இழுபட்டு நின்றது.

“வான்யு, இதைப் பாருடி!”

அவள் என் பக்கம் திரும்பி, வாடிக்கையாளர்களிடம் சிரிக்கும் சிரிப்பைச் சிரித்தாள்.

“வாங்க மேடம். பாஸ்போர்ட் போட்டோவா?”