வயதுக் கட்டம்

12 ஆகஸ்ட், செவ்வாய்.

இன்று ஜப்பானிய மொழி வகுப்பில், பயிற்சிப் புத்தகத்தின் சுய அறிமுகப் பக்கத்தைப் பார்த்து என் வயதைத் தவறாக வாசித்துவிட்டேன். எனக்கு இருபத்தாறு. நாற்பத்தொன்று என்றேன்.

"பரவால்லலா, பார்த்தா தெரியல," என்றாள் பக்கத்தில் இருந்த ரொஸ்னா. எல்லாரும் சிரித்தார்கள்.

பொறியியல் பட்டம் வாங்கி மூன்று ஆண்டுகளாகப் பினாங்கின் பிறை வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறேன். டிசம்பர் தேர்வில் தேறினால் ஜப்பானில் பொறியாளர் வேலைக்கு மனுப் போடலாம்.

"அங்கேயும் டிகிரிய வச்சிக்கிட்டு காண்ட்ரெக்ட்ல ஓடுறவங்க நிறைய, தங்கச்சி," என்றார் ஓசாகாவில் இருந்து திரும்பிய ஆசிரியர் இர்வான் அண்ணன்.

தவறு என்னுடையதுதான். பயிற்சிப் புத்தகம் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. யாரோ பென்சிலால் எழுதி அழித்த தடத்தை அப்படியே வாசித்துவிட்டேன்.

வீட்டில் விளக்கருகே வைத்துப் பார்த்தேன். நாற்பத்தொன்றின் அடியில் முப்பத்தாறு தெரிந்தது. அதன் அடியில் முப்பத்தொன்று. பெயர்க் கட்டத்தில் ஜப்பானிய எழுத்தில் நிரோஷா என்று இருந்தது. அது என் பெயர். 'ஷி' எழுத்தை, கிட்டத்தட்ட அதே வடிவம் கொண்ட 'ட்ஸு' மாதிரி எழுதும் என் தவறும் அதில் இருந்தது. வேலைக் கட்டத்தை மட்டும் யாரும் அழிக்கவில்லை. 'ஒப்பந்தத் தொழிலாளி, பிறை.'

நானே எழுதிவிட்டு மறந்திருக்கலாம்.

வயதுக் கட்டத்தில் தாள் மெலிந்துபோயிருந்தது. மெதுவாக இருபத்தாறு என்று எழுதினேன். பென்சிலால்தான்.

நாளை வேலை முடிந்து வரும்போது ஓர் அழிப்பான் வாங்க வேண்டும்.