முப்பத்தோரு பாத்தி

"மூணு உசுருக்கு நாப்பத்தெட்டாயிரத்து அறுநூறு ரூபா. மொத்த வெலையில போட்டதால இவ்வளவுதானுங்க. சில்லறை வெலைன்னா நீங்க தாங்க மாட்டீங்க."

லிங்கசாமி நஷ்டஈட்டுக் கணக்கு எழுதிய துண்டுத்தாளை மேஜையில் வைத்தார். ஊட்டிப் பக்கம் இத்தலாரில் கேரட் விவசாயி. ஐந்து மாதத்துக்கு முன் நடுவானில் இன்ஜின் நின்றுபோன சுற்றுலா ஹெலிகாப்டரை, சுழலும் இறக்கையை மட்டும் நம்பி பைலட் கீர்த்திவாசன் இறக்கியது இவர் கேரட் காட்டில்தான். பயணிகள் இருவருக்கும் சிராய்ப்போடு போயிற்று. அவனுக்கு வலது கால் முறிந்தது.

கால் கூடிவிட்டது. பறக்கலாம் என்று டாக்டர் எழுதியும் கொடுத்துவிட்டார். பயம்தான் ஆறவில்லை. கம்பெனித் தபால் எதையும் அவன் பிரிப்பதுகூட இல்லை. குன்னூர் வீட்டில் அதே மேஜைமேல் ராஜினாமாக் கடிதம் தயாராக இருந்தது. பத்து வயதிலிருந்து ஆசைப்பட்ட வேலை, நாளையோடு சரி.

"எத்தனை பாத்தி போச்சு?" என்றான்.

"முப்பத்தொண்ணு. கம்பெனி இருபத்திரெண்டுங்குது. பக்கத்துலயே தட்டையா அரை ஏக்கரு கெடந்துது. அதை உட்டுப்போட்டுச் சரிவுல கொண்டாந்து உருட்டுனீங்களே, அந்த வயித்தெரிச்சலுக்கு நான் தனியா ஒண்ணும் போடலீங்க."

கீர்த்திவாசன் துண்டுத்தாளைப் புரட்டினான். டீ கொண்டுவந்த அவன் மனைவி ஸ்வேதா, "கொஞ்சம் கொறச்சுச் சொல்லுங்கண்ணா" என்றாள்.

"மேல போயி எண்ணிப்போடலாமுங்க அம்மிணி. சரிவு நெலம், கீழ நின்னா கணக்கு வராது. மேலருந்து எண்ணி இருபத்திரெண்டுன்னா இருபத்திரெண்டு."

"ட்ரோன் விட்டு எண்ணச் சொல்றேன்."

"எங்காட்டுல எறங்குனது ட்ரோனுங்களா?"

"சரி, வேற பைலட் வருவார்."

"மேட்டுப்பாளையம் மண்டியில வந்து பாருங்க தம்பி. மூட்டையை எறக்குன ஆளுதான் எண்ணிக்கை சொல்லோணும். அடுத்தவன் சொன்னாச் செல்லாது. நீங்க வரலீன்னா கேஸுதான். வக்கீலுக்கு அட்வான்ஸே குடுத்தாச்சு."

"எவ்வளவுங்கண்ணா?" ஸ்வேதா கேட்டாள்.

"ரெண்டு மூட்டை கேரட்டுங்க."

கீர்த்திவாசனுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒரே ஒரு சுத்து. இறங்கினதும் லெட்டரைக் கொடுத்துட்டு வந்துடுவேன்."

மறுநாள் காலை ஊட்டியில், கூட வந்த ஸ்வேதாவிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஏறினான். கம்பெனி ஹெலிகாப்டர் எழும்பியபோது இன்ஜின் மீட்டரை விட்டு அவன் கண் நகரவில்லை. பக்கத்தில் லிங்கசாமி, வெயிலே இல்லாத வானத்துக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு, இரண்டு கையாலும் இருக்கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அதோ உங்க காடு. எண்ணிக்குங்க ஐயா."

"பதினாலு... பதினஞ்சு... அட, உட்டுப்போச்சு. இன்னொரு சுத்து போங்க."

இரண்டாம் சுற்றில் மீட்டரைப் பார்ப்பது குறைந்தது. மூன்றாம் சுற்றில் அவன் தன்னையறியாமல் விசிலடித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் கீழே நன்றாகப் பார்த்தான். காடு முழுக்கப் புதுக் கேரட்டின் பச்சை. ஒரு பாத்திகூடக் குறையவில்லை.

இறங்கியதும் கேட்டான். "அங்கே எண்ணுறதுக்கு என்னங்கய்யா இருக்கு?"

"எனக்கெப்படித் தெரியும்? ஏறுனதுல இருந்து நான் கண்ணையே தொறக்கலீங்களே!" லிங்கசாமி கண்ணாடியைக் கழற்றி, நெற்றி வேர்வையைத் துடைத்தார்.

"அப்ப நஷ்டஈடு?"

"அது மூணு மாசத்துக்கு முந்தியே வாங்கிப்போட்டேனுங்க. இருபத்திரெண்டு பாத்திக்கு."

எதிரே ராஜினாமாக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஸ்வேதா, சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கடிதம் நான்காகக் கிழிந்திருந்தது.

"முப்பத்தொண்ணுன்னீங்களே, மிச்சம் ஒம்பது?"

"அது பாத்தி இல்லீங்க தம்பி. அன்னைக்கு அந்தத் தட்டையில கேரட்டு புடுங்கிட்டிருந்தது எங்க ஊட்டுக்காரி ராக்கம்மாளோட சேத்து ஒம்பது பேரு. அவங்களைப் பாத்துத்தானே சரிவுக்குத் திருப்பிக் காலை ஒடிச்சுக்கிட்டீங்க? ஒம்பது உசுருல இன்னைக்கு ஒண்ணைத் திருப்பிக் குடுத்துட்டேன். எம்பேர்ல பாக்கி எட்டுன்னு எழுதிக்குங்க."