திமிங்கலம் சிரிக்க வேண்டும்

"திமிங்கலம் மூஞ்சில ஒரு சிரிப்பு வேணும்மா. தினம் பாக்கப்போறவன் நான்தானே!"

தெருவின் எதிர்ப்பக்கம் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உத்தரவு போட்டார் தொப்பிக்காரர்.

சாரத்தில் தொற்றிக்கொண்டிருந்த பதினோரு மாணவர்களும் பல்லைக் கடித்தார்கள். ஓவிய டீச்சர் மட்டும், "சரிங்க சார்" என்றாள். சுவர்க்காரர் ஆயிற்றே, முறைத்துக்கொள்ள முடியுமா?

மூன்று வாரமாக இதே பாடுதான். கடல் வெளிறிவிட்டது, நண்டுக்கு ஒரு கால் குறைகிறது என்று தினம் ஒரு புகார். முதல் நாள், பூட்டிக்கிடந்த கேட் முன்னால் இவர்கள் விழித்துக்கொண்டு நின்றபோது, "தாராளமா வரைங்க!" என்று ஓடி வந்தவரும் அவர்தான். அனுமதி ஃபார்மில் கையெழுத்து கேட்டால் மட்டும், "முதல்ல முடிங்க" என்பார்.

அவருடைய அதட்டல் அதிகம் விழுந்தது வாட்ச்மேன் மேல். பத்து நாள் முன்னால் சாவியோடு வந்து கேட்டைத் திறந்த பனியன்காரர்.

"யோவ் வாட்ச்மேன், தண்ணி கலங்கிடுச்சு பாரு. வாளியை மாத்துய்யா!"

அவரும் மறுபேச்சில்லாமல் உள்ளே போய்க் குழாயில் பிடித்து வருவார். ஓய்ந்த நேரத்தில், பையன்கள் கொடுத்த பிரஷ்ஷால் சுவர் மூலையில் ஓர் ஆமை வரைந்துகொண்டிருந்தார்.

திமிங்கலம் சிரித்தது. டீச்சர் ஃபார்மை நீட்டினாள்.

"அஞ்சு மணிக்குள்ள வீட்டுக்காரர் கையெழுத்து நகராட்சிக்குப் போய்ச் சேரணும் சார். இல்லேன்னா மொத்தத்துக்கும் சுண்ணாம்பு அடிச்சிடுவாங்க."

தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார் அவர்.

"வீட்டுக்காரரா? அவரை நான் பாத்ததே இல்லையேம்மா."

"அப்போ நீங்க?"

"எதிர்வீடு. ஜன்னலைத் திறந்தா இந்தப் பாசி புடிச்ச சுவருதான். நாலு வருஷம் பொறுத்தேன். வரைங்கன்னு சொன்னேன், என் சுவருன்னு சொன்னேனா?"

சாரத்தின் மேலிருந்து ஒரு பிரஷ் நழுவி விழுந்தது. டீச்சர் பெயிண்ட் டப்பா மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மணி நாலே முக்கால்.

ஆமைக்குக் கண் வைத்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் எழுந்தார். கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு, ஃபார்மை வாங்கி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"ஐயோ அண்ணே! அது ஓனர் போடற இடம்!" டீச்சர் பதறினாள்.

அவர் காலி வாளியை எடுத்துத் தொப்பிக்காரர் கையில் மாட்டினார்.

"என் சுவர் முடிஞ்சுது சார். அடுத்தது உங்களுது. தண்ணியை நீங்க தூக்குங்க!"