குழாயைத் திறந்தது எதற்கு?

"இப்பவாவது சொல்லுங்க. அடுத்தவங்க வீட்டுக் குழாயை எதுக்குங்க திறந்தீங்க?"

கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு மனைவி கேட்டாள். புரூஃப் ரீடர் துடைப்பத்தை ஊன்றியபடி யோசித்தார். சத்தியமாக ஞாபகம் வரவில்லை. ஊரார் எழுதும் புத்தகத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிடித்துவிடுகிற மனிதர்தான். சொந்த விஷயம் என்று வந்தால் மட்டும் மண்டை காலி.

நடந்தது இவ்வளவுதான். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் போன மாதம் தன் மகள் வீட்டுக்குப் போகும்போது, மாடியில் வாடகைக்கு இருக்கும் இவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். நேற்று சாயங்காலம் இவர் ஏதோ அவசரமாகக் கீழே போய்ச் சமையலறைக் குழாயைத் திருகியிருக்கிறார். தொட்டி காலி, தண்ணீர் வரவில்லை. திருகியதைத் திருகியபடியே விட்டுவிட்டு வந்து படுத்துவிட்டார். காலையில் மனைவி மோட்டார் போட்டாள். கீழே சிங்க் ஓட்டையில் ஒரு கரித்துணி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அப்புறம் கேட்கவா வேண்டும், வீடே ஏரி.

வீட்டுக்காரருக்கு இவர்கள் வைத்திருந்த பெயர் ஆணி. முன்பிருந்த குடித்தனக்காரர் கேட்காமல் சுவரில் ஒரு ஆணி அடித்ததற்கே பெட்டி படுக்கையைக் கட்ட வைத்தவர். ஆணிக்கே அந்தக் கதி என்றால் வெள்ளத்துக்கு என்ன கதி? அவர் இன்று சாயங்காலம் வருகிறார்.

வீடு மாறி மாறியே பாத்திரமெல்லாம் நசுங்கிப்போயிற்று, இன்னொரு தடவை மூட்டை கட்டச் சொன்னால் நான் எங்க அம்மா வீட்டுக்குத்தான் கட்டுவேன் என்று மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி தெரியவில்லை. புரூஃப் ரீடர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

முதலில் தண்ணீரைத் தள்ளினார்கள். அப்புறம் அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்த ஃபேனையெல்லாம் கடன் வாங்கி வந்து வரிசையாக வைத்தார்கள். வாங்கப் போன ஒவ்வொரு வீட்டிலும் எதற்கு என்று கேட்டார்கள். புழுக்கம் என்றார் இவர். வெளியே ஸ்வெட்டர் போடுகிற குளிர்.

சோபா மெத்தைகளைப் பிழிந்து, சுவரோரம் தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி நிற்க வைத்தார்கள். மனைவி திரைச்சீலைக்கு இஸ்திரி போட்டாள், கம்பளத்துக்குப் போட்டாள், அந்த வேகத்தில் மிதியடிக்கும் போட்டாள். டிவி ரிமோட்டை அரிசி டின்னில் புதைத்தார்கள். ஆணி தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்த பழைய பேப்பர்களை இவர் ஒவ்வொரு தாளாக முடி உலர்த்தும் மெஷினில் காயவைத்தார். பழக்க தோஷம், நடுவில் நாலு அச்சுப்பிழையைக் கண்டுபிடித்து வட்டமும் போட்டுவிட்டார். அந்த வட்டத்தை அழிப்பதில் அரை மணி நேரம் போனது.

"பொழைக்கப் போனீங்களா, பொழப்பைக் கெடுக்கப் போனீங்களா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "எதுக்குத் திறந்தீங்கன்னாவது யோசிங்க."

கை கழுவவா? கழுவுகிற அளவுக்கு அங்கே என்ன செய்தார்? தாகமா? தாகத்துக்கு மாடியில் தண்ணீர் இல்லையா? நினைக்க நினைக்க அவருக்கே தன் மேல் சந்தேகம் வந்தது.

பின்பக்க வராந்தா மட்டும் தப்பித்திருந்தது. நிலைப்படி உயரம், கதவும் தாழ்ப்பாள் போட்டிருந்தது. "நல்லவேளை, அந்தப் பக்கம் ஒரு சொட்டுகூடப் போகலை" என்று மனைவி கும்பிட்டுக்கொண்டாள். இருக்கிற வேலையில் அதை யார் திறந்து பார்ப்பது?

கடைசி ஃபேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூச்சு வாங்கும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

ஆணி உள்ளே வந்தார். வீடு ஏன் இப்படிக் கொதிக்கிறது என்றார். பூட்டியே கிடந்த வீடு இல்லையா சார் என்று மனைவி சமாளித்தாள். அவர் சுவரைத் தடவினார், விரலைப் பார்த்தார், தூசி இல்லை. சோபாவில் உட்கார்ந்து பார்த்தார். திரைச்சீலையின் மடிப்பைப் பார்த்தார். மிதியடியைக் குனிந்து பார்த்தபோது மட்டும் புரூஃப் ரீடருக்கு உயிர் போய் வந்தது.

"நான் இருக்கும்போதுகூட வீடு இப்படி இருந்ததில்லை" என்றார் ஆணி. "நீங்க எத்தனை வருஷம் வேணும்னாலும் இங்கேயே இருங்க. நானா உங்களைப் போகச் சொல்ல மாட்டேன்."

மனைவிக்குக் கண் கலங்கியது. அந்த வீட்டில் மிச்சமிருந்த ஈரம் அது ஒன்றுதான்.

ஆணி சிரித்துக்கொண்டே பின்பக்கம் போனார். வராந்தாக் கதவின் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு பூந்தொட்டி இருந்தது. அதில் நாலு சுள்ளி நின்றது. தொட்டதும் அதில் ஒன்று பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"சாவியைக் குடுத்தப்போ நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. இந்த ரோஜாவுக்குத் தினம் ஒரு குவளை."

குழாயை எதற்குத் திறந்தோம் என்று புரூஃப் ரீடருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க சார்" என்றார் ஆணி. "நான் போனதுலேர்ந்து இந்த வீட்டுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணியாவது விட்டீங்களா?"